மாப்பிள்ளைக்கும் அந்த டெஸ்ட்

அன்புள்ள தேவிக்கு,

அம்மா எழுதுவது. வாந்தி குறைந்ததா? ராத்திரி தூக்கம் வருகிறதா? போனில் கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்கிறாய், அதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. போதாக்குறைக்கு ஸ்பீக்கரில் வேறு போட்டுவிடுகிறாய். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நான் எதைப் பேச, எதை விட? அதனால்தான் எழுதுகிறேன்.

குடியாத்தத்தில் எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. சிரசுத் திருவிழாவுக்கு சின்னம்மா வந்துவிட்டுப் போனாள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 10.2, சிவப்பணு எவ்வளவு பெரிது என்று காட்டும் எம்.சி.வி. 64, சிவப்பணு எண்ணிக்கை 52 லட்சம். இதை வைத்துத்தான் அங்கே ரத்தசோகை, இரும்புச்சத்து டிரிப் ஏற்றலாம் என்றார்களா? அந்த டாக்டரிடம் நீல பைலைக் காட்டினாயா, இல்லையா? புனேவுக்குக் கிளம்பும்போது உன் பெட்டியில் நானே வைத்தேன். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் எடுத்த உன் ரிப்போர்ட் அதில்தான் இருக்கிறது. ஹீமோகுளோபினில் ஒரு வகையான எச்.பி. ஏ2 5.1 சதவீதம் என்று போட்டிருக்கும். 3.5க்கு மேல் போனாலே தலசீமியா மைனர்தான், பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து வருகிற ரத்தத் தன்மை அது. பைல் பெட்டிக்குள் கிடந்தால் அந்த டாக்டருக்கு எப்படித் தெரியும்?

வெறும் இரும்புக் குறைவு என்றால் அணுக்கள் சிறுத்துப்போவதோடு எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும். நமக்கு அணு சின்னது, எண்ணிக்கை மட்டும் கூடுதல். எம்.சி.வி. 64ஐ 5.2ஆல் (52 லட்சம் என்பது 5.2 மில்லியன்) வகுத்துப் பார், 12 சொச்சம் வரும். 13க்குக் கீழே வந்தாலே மைனராக இருக்குமோ என்று சந்தேகப்படுவார்கள். இது வியாதி இல்லை. பிறவியிலேயே ரத்தம் இப்படி, அவ்வளவுதான். மாசமாக இருக்கும்போது ஹீமோகுளோபின் எல்லாருக்கும் இறங்கும், நமக்குக் கொஞ்சம் கூடவே இறங்கும்.

உன்னைச் சுமந்தபோது நான் பட்டது உனக்குத் தெரியாது. அப்போது பார்த்த கிளினிக்கில் இரும்பு மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மலம் தார் மாதிரி கறுத்து, மலச்சிக்கலில் உயிர் போய்விடும். ஹீமோகுளோபின் மட்டும் அசையாது. "மாத்திரையை ஒழுங்கா போடுறதில்ல" என்று எனக்குத்தான் திட்டு. ஆயா தினமும் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பார், பாவம். பிறகு வேலூருக்குப் போய், உடம்பில் இருப்பு இருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் பார்த்தபோதுதான் தெரிந்தது, என் உடம்பில் இரும்பு போதுமான அளவு இருந்தது.

அதனால் முதலில் ஃபெரிட்டின் பார்க்கச் சொல். 30க்குக் கீழே இருந்தால் உனக்கு இரும்பும் குறைவுதான். மைனர் இருப்பதால் இரும்புக் குறைவு வராது என்று எதுவும் இல்லை. அப்போது மாத்திரை போட்டே ஆக வேண்டும். டீயோடு போடாதே, கால்சியம் மாத்திரையோடும் போடாதே, எலுமிச்சை ஜூஸோடு போடு. ஃபெரிட்டின் நன்றாக இருந்தால் டிரிப் எதற்கு? கூடுதலாக ஏறிய இரும்பை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது. ஃபோலிக் ஆசிட்டும் கேள், நம்மைப் போன்றவர்களுக்கு 5 மில்லிகிராம் கொடுப்பதுண்டு. நீயாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதே. ஆனால் ஃபெரிட்டின் பார்க்காமல் டிரிப் போட்டுக்கொள்ளாதே.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளை டெஸ்ட் எடுத்தாரா?

மூன்று முறை கேட்டுவிட்டேன். "பாத்துக்கலாம்மா" என்று பேச்சை மாற்றுகிறாய். உன் மாமாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே சொன்னேன். "நம்ம ரத்தத்துல என்ன குறை கண்டுட்ட" என்று அண்ணன் எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் யாரும் வாயே திறக்கவில்லை, நீயும்தான். சொந்தத்தில் கொடுத்ததற்காக நான் வருத்தப்படவில்லை. மாப்பிள்ளை நான் தூக்கி வளர்த்த பிள்ளை, அவரைப் போல ஒருவர் உனக்குக் கிடைப்பாரா?

ஆனால் கணக்கைப் பார். எனக்கு இது வந்தது என் அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோதான். என்கூடப் பிறந்த அண்ணனுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணனுக்கு இருந்தால் மாப்பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. அவருக்கு இல்லை என்றால் கவலையே இல்லை, குழந்தைக்கு மிஞ்சிப்போனால் உன்னைப் போல மைனர். இரண்டு பேருக்கும் இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்து தலசீமியா மேஜர் ஆக நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

மேஜர் என்றால் என்னவென்று நான் பார்த்திருக்கிறேன். வேலூரில் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா மடியில் பையனை வைத்திருந்தாள். கை வளையாமல் இருக்க அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள், அந்தக் கையைத் தொடாமல் மறு கையால் பிஸ்கட் தின்றான். மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டுமாம். ஏற்றுகிற ரத்தத்திலிருந்து சேரும் இரும்பு இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்காமல் இருக்கத் தனியாக மருந்து. பயமுறுத்த எழுதவில்லையம்மா.

உனக்கு இப்போது ஒன்பது வாரம். இரண்டு பேருக்கும் இருந்தால், 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடியிலிருந்து துளி எடுத்துக் குழந்தைக்கு இருக்கிறதா என்று பார்க்க முடியும். அதற்கு முன்னால் உங்கள் இருவரின் ஜீனையும் பார்க்க வேண்டும், அதற்கும் நாள் பிடிக்கும். அதனால்தான் இந்த அவசரம். பார்த்த பிறகு என்ன செய்வது என்பதை நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்யுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

நம் குடும்பத்தில் முதலில் இன்ஜினியரிங் படித்தவள் நீ. காட்பாடி ரயிலில் தனியாகப் போய்வந்து படித்தவள். தெரியாத ஊரில் வீடு பார்த்து, வேலை பார்த்து, எல்லாம் செய்தாய். புருஷனிடம் ஒரு டியூப் ரத்தம் கொடுக்கச் சொல்ல உனக்கு என்ன தயக்கம்? அவர் மறுக்கமாட்டார். மாமாவுக்குப் பயந்துதான் நீ பேசாமல் இருக்கிறாய் என்றால், அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன். கோபப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை அவருக்கு லீவுதானே. ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. டெஸ்டும் எச்.பி. ஏ2வும் எடுக்கச் சொல். சாப்பிட்டுவிட்டே போகலாம், வெறும் வயிறு தேவையில்லை. அப்படியே உன் ஃபெரிட்டினுக்கும் ரத்தம் கொடுத்துவிடு. நீல பைலை மறக்காதே. ரிசல்ட் வந்ததும் எந்த நேரமானாலும் கூப்பிடு.

அம்மா