எங்கள் கணினித் திரைகளை வலையமைப்பு முழுவதற்கும் திறந்துவிட்ட உங்கள் அமைப்பு முறை குறித்த புகார்

அனுப்புநர்
கணினிப் பொறுப்பாளர்,
ஆய்வுக்கூடப் பிரிவு.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
தொழில்நுட்ப உதவிப் பிரிவு.

பொருள்: எக்ஸ் சர்வரைத் தொலை இணைப்புக்குத் திறந்ததில் நேர்ந்த பாதுகாப்புக் கேடு – கையேட்டைத் திரும்பப் பெறவும், மற்ற வாடிக்கையாளர்களை எச்சரிக்கவும் கோருதல்.

ஐயா / அம்மா,

உங்களிடம் வாங்கிய லினக்ஸ் மேசைக் கணினிகளை எங்கள் ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தி வருகிறோம். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் உங்களோடுதான். கணினிகளின் தரத்தில் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. உங்கள் உதவிப் பிரிவு அவற்றின் எக்ஸ் சர்வரை (நிரல்களுக்காகத் திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றை இயக்கும் மென்பொருளை) அமைத்துக் கொடுத்த விதத்தைப் பற்றியே இந்தப் புகார். அந்த அமைப்பால் எங்கள் ஆராய்ச்சியாளர்களின் திரையும் விசைப்பலகையும், வலையமைப்பில் இருக்கும் யார் வேண்டுமானாலும் கடவுச்சொல் இல்லாமல் எட்டிப் பார்க்கும் நிலையில் கிடந்தன. தொலைபேசியிலும் டிக்கெட்டிலும் சொல்லிப் பார்த்தாயிற்று. ஒவ்வொரு முறையும் டிக்கெட் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டதால் கடிதமாக எழுதுகிறேன்.

நாங்கள் கேட்ட உதவி மிகச் சிறியது. கணக்கீட்டுக்கென்று தனி அறையில் ஒரு கணினி இருக்கிறது. அதில் ஓடும் வரைபட நிரலின் ஜன்னல், ஆராய்ச்சியாளரின் மேசைக் கணினியில் திறக்க வேண்டும். எக்ஸ் சர்வர் அடங்கிய எக்ஸ் விண்டோ அமைப்பு இதற்காகவே பிறந்தது என்று சொல்லலாம். 1984-ல் எம்ஐடி-யில் தொடங்கியபோதே, நிரல் ஓர் இயந்திரத்திலும் அதன் ஜன்னல் இன்னோர் இயந்திரத்திலும் இருக்கலாம் என்பது அதன் அடிப்படையாக இருந்தது. 1987-ல் வந்த 11-ஆம் பதிப்பின் நெறிமுறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். தொலைக் கணினியோடு மறையாக்கத்துடன் இணைக்கும் எஸ்எஸ்எச் கட்டளையில் பெரிய எழுத்து எக்ஸ் (-X) விருப்பத்தைச் சேர்த்து இணைத்தால் ஜன்னல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எக்ஸ்11 ஃபார்வர்டிங் (ஜன்னலை எஸ்எஸ்எச் வழியாக அனுப்புதல்) கோரிக்கை தோல்வி என்று ஒரு வரி வந்தது. அந்த வரியை எழுத்து மாறாமல் உங்களுக்கு அனுப்பினோம்.

அந்த வரியை உங்கள் பொறியாளர் படித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. அவர் எங்கள் மேசைக் கணினிகளில் தொலைவிலிருந்து நுழைந்து, உள்நுழைவுத் திரையை நடத்தும் ஜிடிஎம் நிரலின் அமைப்புக் கோப்பில், வலையமைப்பு (டிசிபி) வழி இணைப்பைத் தடுக்கும் "டிஸ்அலோ டிசிபி" என்பதை "ஃபால்ஸ்" ஆக்கினார். மேசைத் திரை தொடங்கும்போதெல்லாம் "எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்" தானாக ஓடும்படி ஒரு ஸ்கிரிப்ட் வைத்தார்; எந்த இயந்திரமும் எக்ஸ் சர்வரோடு இணையலாம் என்று திறந்துவிடும் கட்டளை அது. ஃபயர்வாலில், எக்ஸ் சர்வர் இணைப்புகளை ஏற்கும் 6000-ஆம் போர்ட்டை எல்லா முகவரிகளுக்கும் திறந்தார். கணக்கீட்டுக் கணினியில், ஜன்னல் எங்கே திறக்க வேண்டும் என்று சொல்லும் டிஸ்பிளே மாறியில் மேசைக் கணினியின் முகவரியைக் கொடுத்ததும் ஜன்னல் வந்தது. வேலை முடிந்தது என்று டிக்கெட்டை மூடினார். சாவி திரும்பவில்லை என்று கூப்பிட்டவர் வீட்டில் கதவையே கழற்றி வைத்துவிட்டுப் போனதற்கு ஒப்பான வேலை இது.

பிறகு ஒரு வழக்கமான சோதனையில், எந்தெந்தக் கணினியில் எந்தப் போர்ட்டுகள் திறந்திருக்கின்றன என்று பார்த்தபோது இது என் கண்ணில் பட்டது. எல்லா மேசைக் கணினிகளிலும் 6000 திறந்திருந்தது. எக்ஸ்ஹோஸ்ட் கட்டளையை வெறுமனே ஓட்டிப் பார்த்தேன். அணுகல் கட்டுப்பாடு நீக்கப்பட்டிருக்கிறது, எந்த இயந்திரத்திலிருந்தும் இணையலாம் என்று அதுவே சொன்னது.

இதன் பொருள் உங்கள் பிரிவுக்குச் சரியாகப் புரியவில்லை என்றே நினைக்கிறேன். ஆகவே எங்கள் இயக்குநர் முன்னிலையில், இரண்டு ஆராய்ச்சியாளர்களின் சம்மதத்தோடு செய்து காட்டியதை இங்கே எழுதுகிறேன். ஒருவர் தன் மேசையில் உட்கார்ந்து வழக்கம்போல வேலை பார்த்தார். நான் இன்னோர் அறையில், அவருடைய கணினியில் கணக்கே இல்லாத ஒரு மடிக்கணினியில் இருந்தேன். எக்ஸ்டபிள்யூடி கட்டளையில் அவருடைய டிஸ்பிளேயைக் குறிப்பிட்டதும் அவர் திரை முழுவதும் படமாக என்னிடம் வந்தது. திறந்திருந்த மின்னஞ்சலைப் படிக்க முடிந்தது. அடுத்து எக்ஸ்இன்புட் கட்டளை. அவர் அழுத்திய ஒவ்வொரு விசையும் எண்ணாக என் டெர்மினலில் ஓடியது. அந்த எண்களை எழுத்தாக மாற்றத் தனித் திறமை எதுவும் வேண்டாம். அவர் உலாவியில் தட்டிய கடவுச்சொல், திரையில் புள்ளிகளாகத் தெரிந்தபோதும், என்னிடம் முழுதாக இருந்தது. கடைசியாக, எக்ஸ்டெஸ்ட் நீட்டிப்பின் வழியாக அவர் டெர்மினலில் நானே ஒரு கட்டளையைத் தட்டி என்டரும் போட்டேன். அவர் கை விசைப்பலகையில் இல்லாதபோதே அது ஓடியது.

இதில் எதுவும் எக்ஸின் பிழை இல்லை. சர்வரோடு இணைய அனுமதி பெற்ற ஒரு நிரலுக்கு, அதே திரையில் இருக்கும் மற்ற நிரல்களின் ஜன்னல்களையும் விசைகளையும் பார்க்கும் உரிமை கிடைத்துவிடும். அதன் வடிவமைப்பே அப்படி. அதனால்தான் யாரை உள்ளே விடுவது என்பது இவ்வளவு முக்கியமாகிறது. அதற்கென்றே, அனுமதிக் குறியீடுகளைக் கையாளும் எக்ஸ்ஆத் நிரல் இருக்கிறது. ஒவ்வோர் அமர்வுக்கும் 128 பிட் குக்கீ (இரகசியக் குறியீடு) ஒன்று உருவாகும்; அதைக் காட்டுகிறவரை மட்டுமே சர்வர் ஏற்கும். உங்கள் பொறியாளர் வைத்த ஒற்றைக் கூட்டல் குறி அந்தக் குக்கீயைப் பொருளற்றதாக்கிவிட்டது. குக்கீ இல்லாமல் வருகிறவரும் உள்ளே வரலாம் என்றான பிறகு குக்கீ எதற்கு?

எங்களை அதிகம் வாட்டுவது இன்னொன்று. இந்தத் திறப்பை யாராவது பயன்படுத்தினார்களா என்று இயக்குநர் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எக்ஸ் சர்வரின் இயல்பான தணிக்கை நிலை 1. அந்த நிலையில் மறுக்கப்பட்ட இணைப்புகள் மட்டுமே பதிவாகும். ஏற்கப்பட்ட இணைப்புகளும் பதிவாக வேண்டும் என்றால் நிலையை 2 ஆக்க வேண்டும். எல்லாரையும் ஏற்கச் சொல்லி வைத்திருக்கும் சர்வர் யாரை மறுக்கும்? பதிவேட்டில் எதுவும் இல்லை. எதுவும் இல்லை என்பதால் எதுவும் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. அந்தக் கணினிகளில் தட்டப்பட்ட கடவுச்சொற்கள் எல்லாம் வெளியே போயிருக்கலாம் என்று கருதி, எல்லாவற்றையும் மாற்றினோம். எஸ்எஸ்எச் சாவிகளைப் புதிதாக உருவாக்கினோம். வெளியிடப்படாத ஆய்வுத் தரவுகள் பற்றி, கூட்டாக வேலை செய்யும் குழுக்களுக்கும் எழுதித் தெரிவிக்க வேண்டியதாயிற்று. உங்கள் ஒப்பந்தத்தில் இதற்கெல்லாம் ஈடு சொல்லும் பிரிவு எதுவும் இல்லை.

உங்கள் பிரிவு தந்த விளக்கங்களுக்கு வருகிறேன். "உள் வலையமைப்புதானே, பயமில்லை" என்றார் ஒருவர். எங்கள் உள் வலையமைப்பில் விருந்தினர்களின் மடிக்கணினிகளும் மாணவர்களின் கணினிகளும் இருக்கின்றன. அதில் ஒன்றில் தீநிரல் புகுந்தாலே போதும். "எக்ஸ் அப்படித்தான், எல்லாரும் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள்" என்றார் இன்னொருவர். இது உண்மைக்கு மாறானது. லினக்ஸில் வழக்கமாக ஓடும் எக்ஸ் சர்வரான எக்ஸ்.ஆர்க்கின் 1.17 பதிப்பு 2015-ல் வந்தபோதே டிசிபி-யில், அதாவது வலையமைப்பு வழியாக, வரும் இணைப்புகளுக்குக் காது கொடுப்பது இயல்பாகவே நிறுத்தப்பட்டுவிட்டது. வேண்டுமென்று கேட்டு "லிசன் டிசிபி" கொடுத்தால்தான் திறக்கும். அதற்கு முன்பே பல லினக்ஸ் தொகுப்புகள் "நோலிசன் டிசிபி" என்று சேர்த்துத்தான் சர்வரைத் தொடங்கின. எக்ஸை உருவாக்குகிறவர்கள் யோசித்து மூடி வைத்ததை, உங்கள் பொறியாளர் தேடிப் போய்த் திறந்திருக்கிறார்.

எஸ்எஸ்எச் வழியாக ஜன்னல் வர வேண்டுமென்றாலும் மேசைக் கணினியில் 6000 திறந்திருக்க வேண்டும் என்று மூன்றாவதாக ஒரு விளக்கம் எழுத்திலேயே வந்தது. இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது, ஏனென்றால் அடிப்படையே பிழை. எஸ்எஸ்எச் கிளையன்ட் ஓடுவது எக்ஸ் சர்வர் இருக்கும் அதே மேசைக் கணினியில். அது உள்ளேயே இருக்கும் யுனிக்ஸ் சாக்கெட் வழியாகச் சர்வரைத் தொடும், வலையமைப்புப் போர்ட் அதற்குத் தேவையே இல்லை. தொலைவில் இருக்கும் கணினியில் எஸ்எஸ்எச் சர்வர் பொதுவாக 6010-லிருந்து ஒரு போர்ட்டைத் திறக்கும், அதுவும் அந்த இயந்திரத்துக்கு உள்ளே மட்டும். நடுவில் போவதெல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டே போகிறது. உங்கள் முறையிலோ, ஜன்னலின் ஒவ்வோர் எழுத்தும் மறையாக்கம் இல்லாமல் கம்பியில் போகிறது.

அப்படியானால் முதலில் ஏன் தோற்றது? நானே தேடினேன். கணக்கீட்டுக் கணினியை நீங்கள் குறைந்தபட்ச நிறுவலாக அமைத்துத் தந்திருந்தீர்கள். அதில் எக்ஸ்ஆத் தொகுப்பு இல்லை. தொலைக் கணினியில் எக்ஸ்ஆத் இல்லாவிட்டால் எஸ்எஸ்எச் சர்வர் குக்கீயை எழுத வழியில்லாமல் எக்ஸ்11 கோரிக்கையை மறுத்துவிடும். நாங்கள் அனுப்பிய பிழைச் செய்தியின் காரணம் அதுவே. தொகுப்பை நிறுவினேன். எஸ்எஸ்எச் சர்வரின் அமைப்பில் "எக்ஸ்11 ஃபார்வர்டிங் எஸ்" என்று ஏற்கெனவே இருந்தது. மறுபடி இணைத்தேன், ஜன்னல் வந்தது. மேசைக் கணினியில் ஒரு போர்ட்டும் திறக்கவில்லை. விட்டுப்போன ஒரு சிறிய தொகுப்புக்காக ஆய்வுக்கூடத்தின் அத்தனை திரைகளும் திறக்கப்பட்டிருந்தன.

எங்களுக்கு அனுப்பிய கையேட்டிலும் இதே குழப்பம் இருக்கிறது. எக்ஸில் சர்வர் என்பது திரைக்கு முன்னால் ஆள் உட்கார்ந்திருக்கும் இயந்திரத்தில் ஓடுவது. கையேட்டின் படமோ தொலைக் கணினியைச் சர்வர் என்று காட்டி, அங்கேயும் 6000-ஐத் திறக்கச் சொல்கிறது. அங்கே அந்தப் போர்ட்டுக்கு ஒரு பயனும் கிடையாது. எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்ட் இருந்தால் தொலை ஜன்னல் வராது, அதை அணைத்துவிடுங்கள் என்றும் ஒரு வரி. வேலண்டுக்குள்ளேயே எக்ஸ் சர்வராக இயங்கும் எக்ஸ்வேலண்ட் ஓடும் கணினியில் எஸ்எஸ்எச் வழியாக எக்ஸ் நிரல்களின் ஜன்னல் வருகிறது, நாங்கள் தினமும் பயன்படுத்துகிறோம்.

நேரடி டிசிபி இணைப்பே கூடாது என்று நான் வாதிடவில்லை. எங்களிடமே பழைய அளவீட்டுக் கருவி ஒன்று இருக்கிறது. அதைக் கட்டுப்படுத்தும் பழைய யுனிக்ஸ் கணினியில் எஸ்எஸ்எச் கிடையாது. அதற்கு மட்டும் ஒரு மேசைக் கணினியில் "லிசன் டிசிபி" கொடுத்திருக்கிறோம். ஃபயர்வாலில் அந்த ஒரே முகவரிக்குத்தான் 6000 திறந்திருக்கிறது. எக்ஸ்ஹோஸ்டில் கூட்டல் குறி கிடையாது. எக்ஸ்ஆத் மூலம் குக்கீயை எடுத்து அங்கே சேர்த்திருக்கிறோம். அந்தக் குக்கீயும் மறையாக்கம் இல்லாமல் போகும் என்பதால் அந்தப் பழைய கணினியையும் இந்த மேசைக் கணினியையும் தனி ஸ்விட்சில் பிரித்துவிட்டோம். அந்த மேசைக் கணினியில் மின்னஞ்சல் திறப்பதில்லை. கையேட்டில் எழுத வேண்டியது இதுதான்: எப்போது இந்த வழி தேவைப்படும், தேவைப்பட்டால் எதையெல்லாம் மூட வேண்டும் என்பது.

இத்தனையும் சரிசெய்த பிறகு உங்கள் மாதாந்திர அப்டேட் வந்தது. நாங்கள் நீக்கிய ஸ்கிரிப்டையும் ஜிடிஎம் வரியையும் அது மறுபடி எழுதிவிட்டது. அதாவது ஒரு பொறியாளர் அவசரத்தில் செய்ததாக நாங்கள் நினைத்தது, உங்கள் பொது அமைப்பிலேயே சேர்ந்திருக்கிறது. இதே அப்டேட்டைப் பெறும் மற்ற அலுவலகங்களின் திரைகளும் இப்போது திறந்திருக்கும். அவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆகவே முதலில் அந்த அப்டேட்டை நிறுத்துங்கள். எக்ஸ்ஹோஸ்ட் ஸ்கிரிப்டையும், ஜிடிஎம் மாற்றத்தையும், 6000-க்கான ஃபயர்வால் விதியையும் நீக்கிய திருத்தத்தை உடனே வெளியிடுங்கள். பழைய அப்டேட்டைப் பெற்ற ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும், அவர்களுடைய விசையழுத்தங்கள் வெளியே தெரிந்திருக்கலாம், கடவுச்சொற்களை மாற்றுங்கள் என்று மூடி மறைக்காமல் எழுதுங்கள். "பாதுகாப்பு மேம்பாடு" என்ற ஒற்றை வரியில் இதைக் கடந்துபோகக் கூடாது. கையேட்டைத் திரும்பப் பெற்று, எஸ்எஸ்எச் வழியை முதலாவதாக வைத்து, தொலைக் கணினியில் எக்ஸ்ஆத் வேண்டும் என்பதையும் சேர்த்துத் திருத்துங்கள். கடவுச்சொல், சாவி மாற்றங்களுக்கு எங்கள் ஊழியர்கள் செலவிட்ட நேரத்தை ஒப்பந்தத் தொகையில் கழித்துத் தர வேண்டும். எந்தெந்தத் தேதிகளில் எங்கள் கணினிகளில் இந்த மாற்றங்கள் செய்யப்பட்டன என்ற உங்கள் பதிவும் எங்களுக்கு வேண்டும். திரைகள் எத்தனை காலம் திறந்திருந்தன என்பதை அதை வைத்துத்தான் கணக்கிட முடியும்.

போர்ட் சோதனையின் முடிவு, உங்கள் பிரிவு எழுத்தில் தந்த விளக்கங்கள், அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் இருந்த அமைப்புக் கோப்புகள் ஆகியவற்றை இக்கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். தொலைவிலிருந்து எங்கள் கணினிகளில் நுழைய உங்கள் பிரிவுக்குத் தந்திருந்த கணக்கு முடக்கப்பட்டுள்ளது. எழுத்துப்பூர்வமான பதிலும் திருத்தமும் வரும்வரை தானியங்கி அப்டேட்டையும் ஒப்பந்தத்தின் அடுத்த தவணையையும் நிறுத்தி வைக்கிறோம். இந்த முறை பதிலை எக்ஸ் சர்வரின் அமைப்பை அறிந்த ஒருவர் படித்து, அவரே கையொப்பமிட்டு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பொறுப்பாளர்