பனையில் எதைச் சீவுவது, எதை விடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு மலரில் மரவில் செய்வது பற்றி வந்த கட்டுரையில், வில்லின் முதுகுக்கு, அதாவது வெளிப்பக்கத்துக்கு, பட்டையை ஒட்டிய மரத்தின் வெள்ளை, வயிற்றுக்கு, அதாவது உள்பக்கத்துக்கு, நடுவே இறுகிய வைரம் என்று பொதுவிதி போல எழுதியிருந்தது. இங்கிலாந்துக்காரர்கள் வில் செய்த யூ மரத்துக்கு அது சரிதான். திசையன்விளைப் பக்கம் வில்லுப்பாட்டுக் குழுக்களுக்குப் பனையில் வில் செதுக்கிக் கொடுக்கிறவன் நான். அந்த விதியோடு பனையில் கை வைத்தால் மரம்தான் வீண். எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர் பனையின் வெளிச்சுற்றில் இருக்கும் கருவைரத்தை முழுக்கச் சீவி எறிந்துவிட்டு, மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, “மாமா, இது வளையவே மாட்டேங்குது, பொடிஞ்சு போகுது” என்று பட்டறையில் நின்றார்கள். பொடியாமல் என்ன செய்யும்? அவர்கள் கையில் இருந்தது பாதி சோறு, அதாவது நடுத்தண்டின் மெத்தலான சதை.

வில்லை வளைத்தால் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். இந்த இரண்டையும் தாங்குகிற மாதிரி மரத்தில் எதை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதுதான் வேலையே. யூ மரத்தில் பட்டைக்கு அடியில் உள்ள வெள்ளை இழுப்பைத் தாங்கும், உள்ளே சிவந்த வைரம் நசுக்கலைத் தாங்கும். இரண்டும் ஒட்டியபடியே ஒரே கட்டையில் கிடைப்பதால் இங்கிலாந்துக்காரர்கள் அதைத் தேடிப் போனார்கள். 1545-இல் மூழ்கி 1982-இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த விற்கள் யூ மரத்தவை. அமெரிக்காவின் ஓசேஜ் ஆரஞ்சு மரத்துக்கு வேறு கணக்கு. அதன் வெள்ளையைச் சீவித் தள்ளிவிட்டு, மஞ்சள் வைரத்தில் முதுகுக்கு ஒரே ஓர் ஆண்டு வளையத்தைப் பிடித்து இந்த நுனி முதல் அந்த நுனி வரை அறுபடாமல் கொண்டுபோவார்கள். நடுவில் உளி ஓர் இடத்தில் அந்த வளையத்தைத் தாண்டி இறங்கிவிட்டால், பிற்பாடு சிராய் கிளம்புவது அங்கேதான். கட்டுரையாளர் இந்த ஒரு மரத்தையாவது சேர்த்துச் சொல்லியிருந்தால், மரத்துக்கு மரம் விதி மாறும் என்பது பையன்களுக்குப் புரிந்திருக்கும்.

பனைக்கு வளையமே கிடையாது. வேம்பு, தேக்கு போல அது வருஷா வருஷம் ஒரு சுற்றுப் பருக்கிற மரம் இல்லை. உறுதி எல்லாம் வெளியே, உள்ளே போகப் போக மெத்தல். புறத்தே காழ், அதாவது வைரம், உள்ளதைப் புல் என்றும் அகத்தே காழ் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் பனை புல் சாதி, மூங்கிலுக்குச் சொந்தக்காரன். மூங்கில் வில்லில் தோல் பக்கத்தைத் தொடாமல் உள்பக்கத்தை மட்டும் சீவுவது எல்லோருக்கும் தெரியும். பனையிலும் அதுவேதான். பட்டைக்கு அடியில் இரண்டு மூன்று விரற்கடைக்குக் கறுத்த நார் நெருங்கி நிற்கும். அதற்கு உள்ளே நார் விலகி விலகி, கடைசியில் வெறும் சோறு. வில்லுக்கு உரியது அந்த வெளிச்சுற்று மட்டுமே. நியூகினியிலும் அமேசான் காட்டிலும் வேட்டை வில்லைப் பனைச் சாதி மரங்களின் இந்தக் கறுத்த பாகத்தில் செய்வது உண்டு.

வயதான மரமாக இருக்க வேண்டும். பெண் பனையில் வைரம் கூடுதல் என்பது எங்கள் தொழிலில் சொல்லி வருவது. தலைப்பக்கத்தைக் கூரைச் சட்டமான பனங்கைக்குக்கூட நான் எடுக்க மாட்டேன், அடிமரம்தான் வேண்டும். அதையும் மில்லில் கொடுத்து அறுக்கக் கூடாது. வாள் நேராகப் போகும், நார் அப்படிப் போகாது. ஆப்பு அடித்துப் பிளந்தால் அது நார் போன வழியே பிளக்கும். அப்புறம் நிழலில் காயவிட்டு, பட்டைப் பொருக்கை மட்டும் சுரண்டிவிட்டு, முதுகை அப்படியே விட்டுவிட வேண்டும். கனத்தைக் குறைப்பதெல்லாம் வயிற்றுப் பக்கம். சோறு ஒரு துளிகூட மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் அந்த இடம் நசுங்கி வில் ஒருபக்கம் கோணும். கையைப் பார்த்துச் செதுக்குங்கள், பனஞ்சிராய் ஏறினால் ஊசி வைத்தாலும் லேசில் வராது.

வில்லுப்பாட்டு வில் அம்பு விடுகிற வில்லைவிட அதிகம் பாடுபடும் என்பேன். வேட்டைக்காரன் அம்பு விடும் நேரத்துக்கு மட்டும் இழுத்து விடுவான். கோயில் கொடை விழாவிலோ சுடலைமாடன் கதை விடிய விடிய நடக்கும், அவ்வளவு நேரமும் வில் நாணேறியே இருக்கும், வில்லில் கட்டிய மணிகளின் பாரம் வேறு, நாணைத் தட்டும் வீசுகோல் அடி வேறு. அதனால்தான் பாதிச் சோறு கலந்த வில் ஓர் ஆடிக் கொடைகூடத் தாங்காது. கொடை முடிந்ததும் நாணை அவிழ்த்து வையுங்கள் என்று வாங்குகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், பாதிப் பேர் கேட்பதில்லை.

இப்போது பல குழுக்கள் இரும்புக் குழாய்க்கு மாறிவிட்டன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வேனில் ஏற்றி இறக்க இரும்பு சௌகரியம். ஆனால் என்னிடம் மரவில் கேட்டு வருகிறவர்களுக்கே கொடுக்க மரம் இல்லை. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள், அது நல்ல ஏற்பாடு. நான் நிற்கிற மரத்தைக் கேட்கவில்லை. ரோடு போட, வீடு கட்ட என்று அனுமதி வாங்கி விழுத்தாட்டுகிற மரங்கள் இருக்கின்றன. அவற்றை லாரிக்குத் தோதாக நாலடி நாலடியாகத் துண்டு போட்டுச் செங்கல் சூளைக்கு அனுப்பிவிடுகிறார்கள். நாலடித் துண்டில் வில்லும் வராது, பனங்கையும் வராது.

அனுமதி கொடுக்கும்போதே, முதிர்ந்த பனையின் அடிமரத்தைப் பன்னிரண்டு அடிக்குக் குறையாமல் முழுசாக விட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கட்டும். வெட்டுகிற தேதியைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதிப் போடட்டும். விலை கொடுத்து எடுத்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம். சித்திரைக் கொடைக்கு வில் வேண்டுமென்றால் ஐப்பசிக்குள் மரம் கைக்கு வந்தாக வேண்டும், காய அவ்வளவு நாள் பிடிக்கும்.

இப்படிக்கு,
பனைவேலைத் தச்சர் ஒருவர்,
திசையன்விளை வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.