அந்த இருவரையும் பேச விடுங்கள்: திரைப்பட விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

காதல் படங்களுக்கு விமர்சனம் எழுதுகிற எல்லோருக்கும் வணக்கம்.

2018-இல் வெளிவந்த 'டெஸ்டினேஷன் வெட்டிங்' படத்தைப் போன வாரம் மூன்றாம் முறையாகப் பார்த்தேன். பிறகு, படம் வந்த சமயத்தில் எழுதப்பட்ட விமர்சனங்களைத் தேடி வாசித்தேன். சிலர் ரசித்திருக்கிறார்கள். நிறையப் பேர் சலித்துக்கொண்டிருக்கிறார்கள். படம் பிடிக்காமல் போவது யாருக்கும் நடப்பதுதான். ஆனால் நீங்கள் சொன்ன காரணங்கள் மனதை உறுத்திக்கொண்டே இருந்ததால் இதை எழுதுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ஓர் ஊரில் கல்யாணம். மாப்பிள்ளை, கதாநாயகன் ஃபிராங்குக்குப் பெற்றோரில் ஒருவர் வழியில் மட்டும் சகோதரன். இருவருக்கும் ஒட்டுறவு இல்லை. அதே மாப்பிள்ளைதான் முன்பு கதாநாயகி லிண்ட்சேயை மணப்பதாக இருந்து கைவிட்டவன். விமான நிலையத்திலேயே சண்டை போட்டுக்கொள்ளும் ஃபிராங்கும் லிண்ட்சேயும் விமானத்தில், விடுதியில், விருந்தில் என்று எங்கே போனாலும் அருகருகே மாட்டிக்கொள்கிறார்கள். நடித்தவர்கள் கியானு ரீவ்ஸ், வினோனா ரைடர். படம் வந்தபோது ஒருவர் ஐம்பதைக் கடந்தவர், இன்னொருவர் நாற்பதுகளின் நடுவில் இருந்தவர். 1992-இல் இயக்குநர் கொப்போலாவின் டிராகுலா படத்தில் இளம் ஜோடியாக வந்த அதே இருவர். எழுதி இயக்கியவர் விக்டர் லெவின்.

படம் முழுக்க வசனம் பேசுவது இந்த இருவர் மட்டும்தான். மணமக்களுக்குக்கூட நம் காதில் விழும்படி ஒரு வசனம் கிடையாது. 'வெறும் பேச்சு' என்றும் 'மேடை நாடகம் போல இருக்கிறது' என்றும் நீங்கள் குறைப்பட்டது இதைத்தான்.

எனக்கு 43 வயது. திருமணம் ஆகவில்லை. உறவுக்காரர் கல்யாணங்களுக்குப் போனால் மண்டபத்தின் கடைசி வரிசையில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொள்வேன். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் இருக்கும். முன்வரிசையில் எல்லோரும் சிரித்துப் பேசுவது தெரியும், ஒரு சொல்லும் கேட்காது. என்னைப் போலவே தனியாக வந்த பெரியப்பா மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அந்தக் கல்யாணத்தில் பேச்சே தொடங்கும். மேடை அலங்காரம், மாப்பிள்ளையின் கோட்டு, சாம்பார் என்று ஒன்றையும் விடாமல் குறை சொல்வோம். யார் மீதும் எங்களுக்குக் கோபம் கிடையாது. 'உனக்கு எப்போ?' என்ற கேள்வி வந்து சேரும் வரைக்கும் எதையாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் அந்தப் படத்தில் மற்றவர்கள் ஊமையாக நடமாடுவது எனக்கு விசித்திரமாகவே படவில்லை. தனியாக வந்த விருந்தாளிக்குக் கல்யாணம் அப்படித்தான் கேட்கும்.

இதைவிட வருத்தம் தந்தது இன்னொரு குறை. இவர்கள் இருவரும் விரும்பத்தக்க மனிதர்களாக இல்லை, இவர்களோடு ஒன்றரை மணி நேரம் எப்படி இருப்பது என்று கேட்டிருந்தீர்கள். அடிபட்டவர்கள் இனிமையாகப் பேசினால்தான் அவர்களுடைய காதல் பார்க்கத் தகுந்ததா? லிண்ட்சே பேசும் ஒவ்வொரு கசப்பான வார்த்தைக்கும் பின்னால், தன்னை விட்டுப் போனவனின் கல்யாணத்துக்கே வந்து உட்கார்ந்திருக்கும் வலி இருக்கிறது. ஃபிராங்க் எதையும் எதிர்பார்க்காமல் வாழப் பழகிக்கொண்டவன். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு பேசப் பேச, இந்த மனிதன் பயந்து போயிருக்கிறான் என்பது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

கேமரா அசையவே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஆமாம், பேருந்து இருக்கையில் உட்கார்ந்தவர்களைப் போல இருவரும் ஒரே சட்டகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் துணியாதவர்கள் வேறெப்படி இருப்பார்கள்?

சரி, படத்தில் குறையே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. இருவரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். அவள் வசனத்தை அவனுக்கும், அவன் வசனத்தை அவளுக்கும் மாற்றிக் கொடுத்தால் பல இடங்களில் வித்தியாசமே தெரியாது. சில வசனங்கள் அதிபுத்திசாலித்தனமாக இருந்து களைப்பைத் தருகின்றன. உங்களில் சிலர் இதைச் சரியாகவே பிடித்திருந்தீர்கள். அதைத்தான் இன்னும் விரிவாக எழுதியிருக்க வேண்டும்.

நடுவில் மலைச்சிங்கம் ஒன்று எதிர்ப்படும் காட்சி வருகிறது. அங்கே எனக்கு 1938-இல் ஹோவர்ட் ஹாக்ஸ் எடுத்த 'பிரிங்கிங் அப் பேபி' நினைவுக்கு வந்தது. அதிலும் ஒரு சிறுத்தை, ஓயாத பேச்சு, ஒத்துப்போகாத இருவர். நியூயார்க் டைம்ஸில் விமர்சகர் ஃபிராங்க் நூஜெண்ட் அந்தப் படத்தைப் பழைய சரக்கு என்று ஒதுக்கினார். வசூலும் ஏமாற்றியது. அதன் கதாநாயகி கேத்தரின் ஹெப்பர்னை அதே ஆண்டு திரையரங்கு உரிமையாளர்கள் 'வசூலுக்கு விஷம்' என்று பட்டியலிட்டார்கள். 1990-இல் அதே படம், காத்து வைக்கத் தகுந்த படங்களுக்கான அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. 'டெஸ்டினேஷன் வெட்டிங்' அந்த உயரத்தைத் தொடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பேச்சையே செயலாகக் கொண்ட காதல் நகைச்சுவைக்கு இத்தனை நீண்ட மரபு இருக்கும்போது, அதைத் தொடர முயன்ற ஒரு படத்தை 'பேசிக்கொண்டே இருக்கிறார்கள்' என்ற ஒரே வரியில் முடித்துவிட்டது நியாயமாகப் படவில்லை.

இன்று பலரும் விமர்சனத்தை வாசிக்காமல் விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் தரும் சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். விமர்சகர்களில் எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதைத்தான் அந்த எண் சொல்லும், எவ்வளவு பிடித்தது என்று சொல்லாது. ஆகவே நீங்கள் எழுதும் பத்திகளுக்கு இப்போது முன்பைவிடப் பொறுப்பு அதிகம்.

இனியும் இப்படிப்பட்ட படங்கள் வரும். நடுவயதில், சலித்துப்போய், தனியாக இருக்கும் இரண்டு பேர் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் நல்லவர்களா, பழகத் தகுந்தவர்களா என்று அளப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். முதல் அரை மணி நேரத்தில் அவர்கள் பேசிய விதத்தையும் கடைசி அரை மணி நேரத்தில் பேசிய விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மாறியிருக்கிறது, எது மாறவே இல்லை என்று ஒரு பத்தி எழுதுங்கள். கடைசி வரிசை நாற்காலியிலிருந்து அதை வாசிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு ரசிகை