ஊருக்கு வருமுன் லேப்டாப்பைப் பூட்டு

மார்த்தாண்டம்

அன்புள்ள மக்களே,

சவேரியார் கோயில் திருவிழாவுக்கு ஐலண்ட் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாச்சு என்று அம்மா சொன்னாள். ஆடிட்டர் ஆபீஸ் வேலையோடு லேப்டாப்பும் வருகிறதாம். பெங்களூரில் ராத்திரி ஏறினால் பாலக்காடு, எர்ணாகுளம், கொல்லம் சுற்றி மறுநாள் பகலில்தான் நம்ம ஸ்டேஷன் குழித்துறை. அவ்வளவு நேரமும் அந்தப் பையில் ஊரார் பான் எண்ணும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் இருக்கும்.

விண்டோஸ் பாஸ்வேர்டு போதும் என்று இருந்துவிடாதே. கோப்பெல்லாம் இருக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டியைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினால் அந்தப் பாஸ்வேர்டைக் கேட்கவே கேட்காது. டிஸ்க் முழுவதும் குறியாக்கம் ஆகியிருக்க வேண்டும், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி எழுதியிருக்க வேண்டும். உன்னுடையது விண்டோஸ் ஹோம் என்றால் செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இருக்கிறதா பார். ப்ரோ என்றால் கண்ட்ரோல் பேனலில் 'பிட்லாக்கர்' என்ற பெயரில் அதே வசதி இருக்கும். 'வெயிட்டிங் ஃபார் ஆக்டிவேஷன்' என்று காட்டினால் வேலை முடியவில்லை. டிஸ்க் குறியாக்கம் ஆகியிருந்தாலும் திறக்கும் சாவி அதே டிஸ்க்கில் வெளிப்படையாகக் கிடக்கிறது என்று அர்த்தம்.

இதிலும் பெரும்பாலோர் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. மூடியைச் சாத்தினால் லேப்டாப் ஸ்லீப்புக்குத்தான் போகும். அப்போது டிஸ்க்கின் சாவி ரேம் என்கிற தற்காலிக நினைவகத்திலேயே இருக்கும். தெரிந்தவன் கையில் கிடைத்தால் அதை எடுக்க வழி உண்டு. அதனால் ஸ்டேஷனுக்குக் கிளம்புமுன் முழுசாக ஷட்டவுன் செய். பவர் ஆப்ஷனில் மூடி சாத்தினால் ஹைபர்னேட் ஆகும்படியும், அதாவது ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும்படியும், மாற்றி வை. ப்ரோவாக இருந்தால் குரூப் பாலிசி என்ற விண்டோஸ் அமைப்பில் அனுமதி கொடுத்துவிட்டு, ஆன் செய்ததும் கேட்கும் ஸ்டார்ட்அப் பின் எண்ணையும் போடு, குறைந்தது 6 இலக்கம். அது இல்லாவிட்டால் யார் ஆன் செய்தாலும் சாவியைப் பாதுகாக்கிற டிபிஎம் சிப் அதைத் தானாகவே கொடுத்துவிடும், லாகின் திரை மட்டும்தான் மிச்சம்.

டிஸ்க் திறக்காமல் போனால் கைகொடுக்கும் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் அச்செடுத்து ஒரு பிரதியை எங்களுக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பு, அலமாரியில் வைக்கிறோம். லேப்டாப் பையில் அது வேண்டாம். லேப்டாப்பைத் தொடக்கி வைக்கும் மென்பொருளான பயோஸ் அப்டேட் ஆனாலோ மதர்போர்டு மாற்றினாலோ அந்த எண்ணைக் கேட்கலாம்; இல்லையென்றால் உன் கோப்பு உனக்கே கிடைக்காது. பயணத்துக்கு முந்தின வாரம் பயோஸ் அப்டேட்டைத் தொடாதே.

இங்கே வந்து எந்தக் கோப்பைத் திறப்பாயோ அதை மட்டும் கொண்டு வா. கிளம்பும் நாளில் அழித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. எஸ்எஸ்டி எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால், அழித்ததின் மேல் வேறொன்றை எழுதினாலும் பழையது எங்காவது தங்கலாம். முதலிலிருந்தே குறியாக்கம் செய்த டிஸ்க்கில்தான் அந்தக் கவலை இல்லை. பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கையும் குறியாக்கம் செய்து பெங்களூர் ரூமிலேயே விட்டுவிடு. இரண்டும் ஒரே பையில் போனால் பேக்கப்புக்கு அர்த்தமில்லை.

வண்டியில் நெட் வேண்டுமானால் உன் போன் ஹாட்ஸ்பாட். இந்தத் தளம் பாதுகாப்பில்லை என்று பிரவுசர் சான்றிதழ் எச்சரிக்கை காட்டினால் தாண்டிப் போகாதே, மூடிவிடு. இங்கே வந்து பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவ் கொண்டு போகாதே. வீட்டுப் பிரிண்டருக்கு மை வாங்கி வைக்கிறேன். கட்டாயம் போகவேண்டி வந்தால், அந்த ஒரு பக்கத்தை மட்டும் காலியான பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோய், திரும்பியதும் ஃபார்மட் செய்.

லேப்டாப்பின் சீரியல் நம்பரை இப்போதே போனில் குறித்து வை. காணாமல் போனால் 139-க்குக் கூப்பிடு, ரயில்வே போலீஸில் எழுதிக் கொடு. அந்த நம்பரைக் கேட்பார்கள். அதோடு நிற்காமல் போனிலிருந்து மெயிலில் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' கொடுத்துப் பாஸ்வேர்டை மாற்று, ஆடிட்டருக்கும் அன்றைக்கே சொல்லிவிடு. போன் லேப்டாப் பையில் வேண்டாம், இடுப்பிலேயே இருக்கட்டும். ஓடிபி அதில்தான் வரும்.

முதலில் அந்த என்கிரிப்ஷன் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு மக்களே, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா