20,000 என்று எழுதி 12,800 தந்தால் மோசடியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் ஐந்து பவர் பேங்குகளை ஒப்பிட்டு வந்த கட்டுரை பற்றி. எல்லாமே 20,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) என்று அச்சிட்டவை. நான்கு 12,800 அளவில்தான் தந்தன, ஒன்று 7,100-ஐத் தாண்டவில்லை, ஆகவே "எல்லாமே ஏமாற்று" என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். மின்னணுப் பொருட்களைச் சோதித்து எழுதுவதையே பிழைப்பாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிழை பவர் பேங்குகளில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

பெட்டியில் உள்ள 20,000 என்பது உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் கொள்ளளவு. செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட். 20,000 எம்ஏஎச் என்றால் 20 ஆம்பியர்-மணி; 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட்-மணி, அதுதான் உள்ளே இருக்கும் மொத்த ஆற்றல். யுஎஸ்பி வழியாக வெளியே வருவதோ 5 வோல்ட். 74-ஐ 5-ஆல் வகுத்தால் 14.8 ஆம்பியர்-மணி, அதாவது 14,800 எம்ஏஎச். அதில் வோல்டேஜை ஏற்றும் சர்க்யூட் 10 முதல் 15 சதவீதத்தைச் சூடாக்கியே தீர்த்துவிடும். மில்லுக்குப் போன நெல் முழுக்க அரிசியாகவா திரும்புகிறது? 12,800 கிடைத்தால் அது 64 வாட்-மணி, அதாவது 86 சதவீதம். நல்ல சர்க்யூட் என்றே பாராட்டலாம். பல கம்பெனிகள் இந்த 5 வோல்ட் கணக்கை 'ரேட்டட் கபாசிட்டி' என்று பின்பக்கம் பொடி எழுத்தில் போடுகின்றன. பெரிய எண்ணை முன்னால் போட்டு உண்மையான எண்ணைப் பின்னால் ஒளிப்பதைத் திட்டுங்கள், அது நியாயம்.

கடைசி இடம் பெற்ற ஐந்தாவதுக்கு வருகிறேன். 7,100 எம்ஏஎச்சை, அதாவது 7.1 ஆம்பியர்-மணியை, 9 வோல்ட்டால் பெருக்கிப் பாருங்கள்: கிட்டத்தட்ட அதே 64 வாட்-மணி. போனை இணைத்துச் சோதிக்கும்போது அந்த ஒன்று மட்டும் ஃபாஸ்ட் சார்ஜிங்கில் 9 வோல்ட்டுக்குத் தாவியிருந்தால் மீட்டர் இப்படித்தான் காட்டும். எந்த வோல்ட்டில் அளந்தார்கள் என்று கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லாததால் உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆனால் என் சந்தேகம் அதுதான். எம்ஏஎச்சை விட்டுவிட்டு வாட்-மணியில் எழுதினால் இந்தக் குழப்பமே வராது.

போனை வைத்து அளப்பதே தவறு. பேட்டரி நிரம்ப நிரம்ப போன் இழுக்கும் கரண்ட் குறையும். ஐந்து பவர் பேங்குக்கும் ஒரே நிலை அமையாது. எலக்ட்ரானிக் லோடு (ஒரே அளவு கரண்டை விடாமல் இழுக்கும் சோதனைக் கருவி) ஒன்றை 5 வோல்ட், 2 ஆம்பியரில் நிறுத்தி, பவர் பேங்க் தானாக அணையும்வரை ஓட்ட வேண்டும். ஆறரை மணி நேரம் பிடிக்கும். முழு சார்ஜுக்குப் பின் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மூன்று சுற்று ஓட்டி, முதல் சுற்றைக் கழித்துவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எடுப்பது என் வழக்கம். மீட்டரை பவர் பேங்கின் வாயிலேயே நேராகச் செருகுங்கள். இடையில் ஒரு மீட்டர் நீளத்தில் 28 கேஜ் (மெல்லிய கம்பி) மலிவு கேபிள் வந்தால், 2 ஆம்பியரில் 0.85 வோல்ட் அதிலேயே விழும். எம்ஏஎச் மாறாது, வாட்-மணியோ 17 சதவீதம் குறைந்து காட்டும். கேபிளின் குற்றத்துக்குப் பவர் பேங்க் தண்டனை அனுபவிக்கும்.

சூடு பற்றி எழுதியதும் நம்பும்படி இல்லை. பளபளப்பான உலோக உடலில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினால் உண்மையைவிடக் குறைவாகவே வரும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். அறை வெப்பநிலையையும் குறிப்பிட வேண்டும். ஏசி அறையில் 24 டிகிரியில் எடுத்த அளவு மே மாதத்துக் கூடத்துக்குப் பொருந்தாது. ப்ளூடூத் இயர்பட்ஸ் போன்றவை மிகக் குறைவான கரண்டே இழுப்பதால் பல பவர் பேங்குகள் பாதியில் அணைந்துவிடும். வாசகர்கள் அடிக்கடி கேட்கும் இந்தச் சங்கதியைக் கட்டுரை தொடவே இல்லை.

பொருட்கள் எங்கிருந்து வந்தன என்பதும் இல்லை. கம்பெனி அனுப்பியதா, கடையில் காசு கொடுத்து வாங்கியதா? கம்பெனி கொடுப்பது பொறுக்கியெடுத்த சரக்காக இருக்கலாம். பெட்டியில் ஆர் என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருந்ததா, அதை பிஐஎஸ் கேர் ஆப்பில் சரிபார்த்தார்களா என்பதையும் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

விமானப் பயணத்துக்கு 30,000 எம்ஏஎச் வாங்கச் சொல்லியிருப்பதை உடனே திருத்துங்கள். அது 111 வாட்-மணி. 100-ஐத் தாண்டினால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும்; எந்த அளவானாலும் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல முடியும். ஐந்தாவது பவர் பேங்கையும் 5 வோல்ட்டில் மறுபடி அளந்து, வந்த எண்ணை அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்னணுப் பொருள் சோதனையாளர் ஒருவர்,
கோவை.