மணிலா மதில்மேல் கேட்ட நம் கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பினாங்கில் 31 வருடம் சுற்றுலாப் பேருந்து ஓட்டியவன். விமான நிலையத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு கோட்டை, கெக் லோக் சி கோவில், கொடிமலை என்று ஒரே வழியில் எத்தனை ஆயிரம் தடவை போய் வந்திருப்பேனோ! ஆனால் நானே பயணியாக, தலையில் தொப்பியும் கையில் தண்ணீர்ப் போத்தலுமாக ஒரு பழைய ஊரை நடந்து பார்த்தது போன மாதம்தான் முதல் தடவை. என் மகள் மணிலாவில் வேலை செய்கிறாள். "ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போங்கப்பா" என்று கூப்பிட்டாள், போனேன். அங்கே கேட்ட ஒரு சங்கதி ஊர் திரும்பியும் மனதை விட்டுப் போகவில்லை. அதை நம் வாசகர்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மணிலாவில் பாசிக் ஆற்றின் கரையில் இன்ட்ராமுரோஸ் என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது. மதிலுக்கு உள்ளே என்று பொருள். 1571-இல் லெகஸ்பி என்ற ஸ்பானியர் தலைநகராக நிறுவிய இடம். சுற்றுமதில் மட்டும் ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர். காலேசா என்ற குதிரை வண்டியில் சுற்றலாம். நாங்கள் ஓர் இளைஞரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு நடந்தே பார்த்தோம்.

முதலில் சாண்டியாகோ கோட்டை. பிலிப்பீன்ஸ் மக்கள் தங்கள் தேசத் தலைவராகக் கொண்டாடும் ஹோசே ரிசாலை 1896-இல் இங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். அந்த வருடம் டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் வெளியே நடத்திக்கொண்டு போய்ச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 35. அவர் கடைசியாக நடந்த பாதையில் வெண்கலத்தில் காலடிகளைப் பதித்திருக்கிறார்கள். நாங்கள் போன நேரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். அந்தக் காலடிகளின் மேல் தங்கள் சின்னக் கால்களை வைத்து ஒவ்வொன்றாக நடந்துகொண்டே போனார்கள். ஆசிரியை அவர்களுடைய மொழியிலேயே ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மகள்தான் கையைப் பிடித்து இழுத்தாள்.

அப்புறம் சான் அகஸ்டின் தேவாலயம். 1607-இல் கட்டி முடித்தது. உள்ளே கூரையைப் பார்த்தால் கல்லில் செதுக்கியது போலவே இருக்கிறது. எல்லாம் வெறும் வண்ணம் என்று சொன்னால்தான் தெரிகிறது. லெகஸ்பியின் கல்லறையும் இங்கேதான் இருக்கிறது. 1945-இல் மணிலாவுக்காக நடந்த சண்டையில் மதிலுக்குள் இருந்த ஏழு தேவாலயங்களில் தப்பித்து நின்றது இது ஒன்றுதான். பேராலயம்கூடப் போருக்குப் பின் புதிதாகக் கட்டியது. அந்த ஒரு சண்டையில் மட்டும் 1 லட்சம் பொதுமக்கள் செத்துப்போனார்களாம். அவர்களுக்காக ஒரு சின்னத் திடலில் நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் சத்தமாகப் பேசவில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. தெற்குப் பக்கம் சான் டியேகோ கொத்தளத்தின் மேல் ஏறி நின்றபோது, நாங்கள் எந்த ஊர் என்று வழிகாட்டி கேட்டார். மலேசியா, பினாங்கு, தமிழர் என்றேன். உடனே அவர் முகம் மாறியது. "உங்கள் ஆட்கள் இந்த மதிலுக்கு முன்பே வந்திருக்கிறார்கள்" என்றார்.

1762-இல் ஆங்கிலேயர் ஸ்பெயினோடு போரில் இருந்தபோது, டிரேப்பர் என்ற தளபதியின் கீழ் ஒரு படை மதராஸிலிருந்து கப்பலேறியது. வழியில் நம் மலாக்காவில் நின்றுவிட்டு, செப்டம்பர் 23-ஆம் தேதி மணிலா விரிகுடாவுக்குள் நுழைந்தது. அதில் ஏறக்குறைய 600 பேர் இந்தியச் சிப்பாய்கள். நாங்கள் நின்ற அந்தக் கொத்தளத்துப் பக்கத்தைத்தான் பீரங்கியால் உடைத்து, அக்டோபர் தொடக்கத்தில் ஊருக்குள் புகுந்தார்கள். ஊர் சூறையாடப்பட்டது. சற்று முன் நான் வாய் பிளந்து பார்த்த சான் அகஸ்டின் தேவாலயமும் தப்பவில்லை. அந்தப் படையோடு வந்தவர்கள் நம்மவர்கள் என்று கேட்டதும் எனக்குத் தலை குனிந்துவிட்டது. வழிகாட்டி அதைக் கவனித்திருக்க வேண்டும். "மீதியையும் கேளுங்கள்" என்றார்.

1764-இல் ஆங்கிலேயர் மணிலாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்கள். சிப்பாய்களில் பலர் ஏறவில்லை. படையை விட்டு ஓடி, ஊருக்குக் கிழக்கே காயிந்தா என்ற இடத்தில் தங்கி, அந்த ஊர்ப் பெண்களையே கட்டிக்கொண்டார்கள். காயிந்தா மக்கள் இன்றைக்கும் தங்கள் முன்னோர் இந்தியச் சிப்பாய்கள் என்று பெருமையாகச் சொல்கிறார்களாம். மூன்றாம் நாள் மகளோடு அங்கேயும் போனேன். நெரிசலான, சாதாரண ஊர். சந்தையில் நின்று முகங்களையே பார்த்தேன். சாப்பாட்டுக் கடையில் கரே-கரே என்று ஒரு குழம்பு. அது அந்தச் சிப்பாய்கள் விட்டுப்போன கறிதான் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. மாட்டுவால் போட்டது என்பதால் நான் சாப்பிடவில்லை. பெயரை மட்டும் இரண்டு தரம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீடு திரும்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாடாங் கோத்தாவுக்குப் போய், நம் கார்ன்வாலிஸ் கோட்டைக்கு முன்னால் உட்கார்ந்தேன். பினாங்கை ஆங்கிலேயருக்காகப் பிடித்த பிரான்சிஸ் லைட் 1786-இல் கரையிறங்கி மரத்தால் அமைத்த கோட்டை. 1804-க்குப் பிறகு அதைச் செங்கல்லாலும் கல்லாலும் எடுத்துக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். பக்கத்திலுள்ள செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்கும் உழைத்தவர்கள் கைதிகளே. வங்காளம், மதராஸ், பம்பாய் என்று மூன்று பக்கத்திலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். 31 வருடமாக இதே இடத்தில் வண்டியை நிறுத்திக் காத்திருந்திருக்கிறேன். காட்டை அழிக்க லைட் பீரங்கியில் வெள்ளிக் காசு வைத்துச் சுட்ட கதையை ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். செங்கல் அடுக்கியவனைப் பற்றி என் வண்டியில் யாரும் பேசிக் கேட்டதில்லை. வழிகாட்டிகளைக் குறை சொல்லவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

இன்னொன்றும் தெரியவந்தது. 1797-இல் மணிலாவை மறுபடியும் தாக்குவதற்கு ஆங்கிலேயர் படை திரட்டிய இடம் நம் பினாங்குதான். பிற்காலத்தில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லஸ்லியும் அப்போது இங்கே வந்திறங்கியிருக்கிறார். அந்தப் படையெடுப்பு கைவிடப்பட்டது. இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் நம் கதை இப்படிக் கிடக்க, அதை எனக்குச் சொல்ல மணிலாவில் ஒரு பிலிப்பீன்ஸ் பையன் வேண்டியிருந்தது. அது வலிக்கிறது, ஐயா.

ஜார்ஜ்டவுன் 2008-இல் உலகப் பாரம்பரிய நகரமானது. மணிலாவில் போரில் இடிந்துபோனதை மறுபடி கட்டிக் காட்டுகிறார்கள். நம்மிடம் எவ்வளவோ இடியாமல் நிற்கிறது: 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், குயின் ஸ்திரீட்டில் 1833-இல் எழும்பிய மாரியம்மன் கோவில், லைட் காலத்திலிருந்தே நம்மவர் பெயரில் இருக்கும் சூலியா ஸ்திரீட். நம் பிள்ளைகளோ லிட்டில் இந்தியாவுக்குத் தீபாவளித் துணி எடுக்க வருகிறார்கள், பக்கத்துத் தெருவில் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை ஏழரைக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், தமிழிலேயே ஒரு நடை வைக்கலாமே. கோட்டையில் தொடங்கி, செயின்ட் ஜார்ஜ், மாரியம்மன் கோவில், பள்ளிவாசல் வழியாக சூலியா ஸ்திரீட்டில் முடிக்கலாம். நிதானமாக நடந்தாலும் இரண்டு மணி நேரம் போதும். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களும் கோவில் நிர்வாகத்தினரும் மனது வைத்தால் பிள்ளைகள் வருவார்கள். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்கள் கதையைச் சரிபார்த்துச் சொல்ல முன்வர வேண்டும். தாத்தா காலத்துக் கடிதமோ படமோ பத்திரமோ வீட்டில் வைத்திருப்பவர்கள் அதை எடுத்து வந்து காட்டினால் இன்னும் நல்லது.

அக்கரையிலுள்ள செபராங் பிறையிலிருந்து வரும் பிள்ளைகளை ஃபெர்ரி ஜெட்டியிலிருந்து ஏற்றிவர வேன் ஓட்ட நான் தயார். சம்பளம் வேண்டாம். என் தொலைபேசி எண்ணைத் தங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். கேட்பவர்களுக்குத் தயவுசெய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
ஜெலுத்தோங், பினாங்கு.