மாத்திரைக்கும் முறை உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடையில் சாகுபடி செய்பவன் நான். வயது 66. பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொல்லி ஏழு வருடம் ஆகிறது. நடுக்குவாதம் என்றால் எல்லோருக்கும் தெரியும். இந்த நோய் உள்ளவர்கள் வேறு ஏதோ உபாதைக்காக ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் நடக்கிற ஒரு தவறைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்கு முதலில் வந்தது நடுக்கம் இல்லை. கையெழுத்து சிறுத்துப்போனது. பெயரின் முதல் எழுத்து ஒழுங்காக விழும், அப்புறம் போகப் போக எறும்பு வரிசை மாதிரி ஆகிவிடும். பயிர்க்கடன் தாளில் பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கும் சில வருடம் முன்பே, வீட்டில் கருவாடு வறுத்தால் எனக்கு வாசனை தெரியாது. அதுவும் இந்த நோயின் வேலைதான் என்று பிறகு தெரிந்தது.

மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதுதான் நோய். நாங்கள் விழுங்கும் லெவோடோபா, மூளைக்குப் போய் டோபமைனாக மாறுகிறது. ஆரம்பத்தில் ஒரு வேளை தள்ளிப்போனாலும் பெரிதாகத் தெரியாது. குளத்தில் தண்ணீர் நிற்கிறவரை வாய்க்கால் இரண்டு நாள் காய்ந்தாலும் பயிர் தாங்கும் அல்லவா, அது போல. வருடம் ஆக ஆக அந்தக் குளம் தூர்ந்துவிடுகிறது. அப்புறம் முறைத் தண்ணீர்தான் கதி. முறை தவறினால் அன்றைக்கே பயிர் வாடும்.

என் முறை காலை 6, 10, பகல் 2, மாலை 6. ஒன்றரை மணிக்கே கால் பிடிக்க ஆரம்பிக்கும். நிலைப்படி வந்தால் பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும். என் மனைவி படிக்கு இந்தப் பக்கம் கோலமாவால் ஒரு கோடு இழுத்து வைப்பாள். அந்தக் கோட்டைத் தாண்டுவதாக நினைத்துத் தூக்கினால் கால் எழுந்துவிடும்.

போன ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். கையிலிருந்த மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வார்டில் மருந்து கொடுப்பது காலை எட்டு, பகல் ஒன்று, இரவு எட்டு. என் மாத்திரையும் அந்தக் கணக்கில் போய்விட்டது. இரண்டாம் நாள் பகலில் புரண்டு படுக்க முடியவில்லை. எச்சில் வழிகிறது, வாய் திறந்து சொல்லக் குரல் இல்லை. "காய்ச்சல் அசதிம்மா, டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும்" என்று நர்சுகள் என் மனைவியிடம் சொன்னார்கள். மூன்றாம் நாள் என் நரம்பு டாக்டரே போனில் பேசி, பழைய நேரத்துக்கே மாத்திரை கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் நானே எழுந்து பாத்ரூம் போனேன்.

அந்த நர்சுகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அத்தனை கட்டிலையும் பார்க்கிறவர்கள் அவர்கள். ஆனால் இது அசதியோடு போகிற விஷயம் இல்லை. இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு இறுகி, காய்ச்சல் ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடு ஊசி டோபமைனைத் தடுக்கும், அது எங்களுக்கு ஆகாது. மாத்திரையைப் பால், முட்டை, பருப்புச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தாலும் சரியாக வேலை செய்யாது. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் கொடுக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. பூனைக்காலி விதைப் பொடி நல்லது என்று பலர் சொல்வார்கள். அதில் லெவோடோபா இருப்பது உண்மைதான். அதனாலேயே டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் கை கால் தன்னால் முறுக்கி ஆடும். அப்புறம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லியிருக்கும் 21 குறைபாடுகளில் பார்க்கின்சனும் ஒன்று. எங்கள் ஊரில் இதே நோயுள்ள இரண்டு பேருக்கு நான் சொல்லித்தான் தெரிந்தது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். பார்க்கின்சன் நோயாளி எந்த வார்டில் சேர்ந்தாலும், அவர் வீட்டில் போட்டுவந்த மாத்திரை நேரத்தைக் கேட்டுக் கேஸ் ஷீட்டின் மேலேயே எழுதுங்கள். நினைவு தெளிவாக இருப்பவர் என்றால் மாத்திரையை அவர் கையிலேயே விடுங்கள். என் மனைவி இப்போது ஓர் அட்டையில் நான்கு நேரத்தையும் பெரிய எழுத்தில் எழுதி என் சட்டைப் பையில் வைத்திருக்கிறாள். எங்களுக்குப் பேச்சு வராத நேரத்தில் யாராவது அதை எடுத்துப் படித்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.